ஆணி அடித்த சன்னல்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பாகூர்ப் பக்கம் நான் வாத்தியாராக இருந்தேன். பண்ணையாரின் பழைய நெல் கிடங்குதான் பள்ளிக்கூடம். சேரிப் பிள்ளைகள் தன் வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதென்று சன்னல்களுக்கு அவர் ஆணி அடித்துவிட்டார். மதியமானால் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். வாசல் காற்றில் உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து வந்து பிரம்பால் அடிப்பேன்.

"தூங்கல வாத்தியாரே, தல கனக்குது. இங்க வந்து குந்திப் பாருங்க," என்றாள் ஒருநாள் கடைசி வரிசை அஞ்சலை.

ஆத்திரத்தோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்த சத்தத்தில்தான் கண் விழித்தேன். நாற்பது பேரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம். இதற்கா அடித்தேன்!

அன்றே ஆணிகளைப் பிடுங்கினேன்.

"யாரக் கேட்டுத் தொறந்த?" என்று பண்ணையார் கத்தினார்.

"மூச்சு வுடறதுக்கு யாரக் கேக்கணும்?" என்றேன்.

சன்னல் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி என் பிரம்பை முட்டுக் கொடுத்தேன். பிறகு அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.