நபீசா வழியனுப்பிய பிள்ளையார்

1989-இல் போடிநாயக்கனூரில் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடிக் கிளம்பினால், கடைசியில் கலீபுல்லாவின் மளிகைக்கடை முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அவர் மகள் நபீசாதான் அந்த ஆள். மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்து படித்தவள்; படித்த கையோடு ஏலக்காய் வியாபாரி மொக்கச்சாமியின் ஆபீசில் சேர்ந்துவிட்டாள். அவரும் அவள் அத்தாவும் மாப்ளே முறை. அதனால் முதலாளி அவளுக்கு மாமா.

கம்ப்யூட்டர் வந்த அன்று மொக்கச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பிள்ளையார கும்புடாம நாம எந்தச் சோலியும் ஆரம்பிக்கிறதில்ல தாயி." விற்றவர்களும் பெரிய மனசு பண்ணி அதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். பெட்டியைப் போட்டதும் திரையில் பிள்ளையார் வருவார். மொக்கச்சாமி கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் வேலை.

குரங்கணித் தோட்டங்களின் சரக்கு பெருகப் பெருக, ஏலத்துக்குப் பட்டியல் அடிக்கப் புது புரோகிராம் ஒன்று வாங்கினார்கள். அது பெரும் தீனிக்காரன். பெட்டியை இயக்குகிற டாஸ் கொடுக்கிற மெமரி அதற்குப் பற்றாது. மேலே சும்மா கிடக்கிற மெமரியையும் எடுத்துக் கொடுக்க எக்ஸ்டெண்டர் என்ற துணை ஆள் ஒருவன் கூடவே வந்தான். அவனை எழுப்பினால் பெட்டியே அசையாமல் நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே கதைதான்.

மொக்கச்சாமியின் மைத்துனன் பால்சாமிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "வெள்ளிக்கெழம ஏலத்துக்குப் பட்டியல் வரலேன்னா, இத லோடு ஏத்தித் திருப்பி அனுப்பிருவோம் மச்சான்" என்றான். மொக்கச்சாமியும் தலையாட்டிவிட்டார். பெட்டி போனால் நபீசாவின் வேலையும் போய்விடும். அந்த வேலை அவளுக்கு உயிர்.

பெட்டி விழித்ததும் தானாக ஓடுகிற கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். பிரிண்டருக்கான வரியை நிறுத்தினாள், பலனில்லை. கடிகாரத்துக்கான வரியை நிறுத்தினாள், அதற்கும் பலனில்லை. கடைசியாகப் பிள்ளையார் வரியை நிறுத்தினாள். புது புரோகிராம் துள்ளி எழுந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தரிசனம் கொடுத்த பிறகும் பிள்ளையார் கிளம்புவதில்லை. தன் படத்தோடு அந்த மேல் மெமரியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எக்ஸ்டெண்டரும் அதே இடத்தைத்தான் கேட்கிறான். இதைப் போய் மாமாவிடம் எப்படிச் சொல்வது? அதுவும் நபீசா சொல்வதா? சத்தமில்லாமல் வரியை எடுத்துவிடலாம். ஆனால் கைகூப்பி நிற்கிற மனுஷனுக்கு வெறும் திரையைக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"மாமா, கோவிச்சுக்கிறாதீங்க. பிள்ளையாரு உக்காந்திருக்க எடத்தத்தான் புது புரோகிராம் கேக்குது. அவரு எந்திரிச்சாத்தான் பட்டியல் வரும்."

பால்சாமி வாயைத் திறப்பதற்குள் மொக்கச்சாமி கையமர்த்தினார்.

"வீட்டுல மஞ்சள்ல பிள்ளையார் புடிச்சு வச்சுக் கும்புடுறோம். பூசை முடிஞ்சா வடக்க நகத்தி அனுப்பிர்றோம்ல? இவரையும் அதே மாதிரி மரியாதையா அனுப்பி வையி தாயி."

பிள்ளையார் புரோகிராமை மெமரியிலிருந்து இறக்கிவிட அதிலேயே ஒரு கட்டளை இருந்தது. கும்பிட்டு முடித்ததும் அது ஓடுகிற மாதிரி நபீசா சேர்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் வந்தார். மொக்கச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நபீசா ஒரு பொத்தானைத் தட்டினாள், திரை காலியானது.

"கெளம்பிட்டாரா?"

"கெளம்பிட்டாரு மாமா."

பிரிண்டர் இரைந்துகொண்டு பட்டியலைத் தள்ளியது. நபீசாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பால்சாமி யாரும் சொல்லாமலே தாளைக் கிழித்து அடுக்கிக் கொடுத்தான்.

பட்டியலோடு ஏலத்துக்குக் கிளம்பிய மொக்கச்சாமி, வழியில் கலீபுல்லா கடையில் நின்றார்.

"மாப்ளே, எம் பிள்ளையாரையே எழுப்பி வழியனுப்பி வச்சிட்டா ஒம் மக. இனிமே அந்த நாக்காலிய விட்டு அவள எவனும் எழுப்ப முடியாது."