கடலுக்குச் சுவர் இல்லை

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மரிய செல்வம் சார் ஒரு பயந்தாங்கொள்ளி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இலங்கைக்குப் போய்வந்ததைப் பற்றிச் சங்க மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் அவர்தான். கேட்டார், எழுதுகிறேன். ஒரு வரியும் வெட்டாமல் போட வேண்டும்.

நான் போனதற்குக் காரணமே அவர்தான். பள்ளியில் நான் விளையாட்டு டீச்சர். தாடிக்கொம்பு சாலையில் இருக்கிற சங்கத் தோட்டத்துக் கிணற்றில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் தெருப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்து வந்தேன். போன அக்டோபரில் சார் அந்தக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடி, நம் திண்டுக்கல் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டார். பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கெணத்துல குதிக்கிறதெல்லாம் ஒரு நீச்சலாம்மா? இதுகள கடல்ல கொண்டுபோய் விட்டா அம்புட்டும் முங்கிப் போயிரும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நானா பதில் சொல்றது?" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கோ கடல் தெரியாது. வேளாங்கண்ணியில் முட்டிவரை நனைத்ததோடு சரி.

தெரிந்துகொண்டு வந்து பேசலாம் என்று முடிவு செய்தேன். பலகைமேல் ஏறி நின்று அலையோடு வருகிறவர்களை டிவியில் பார்த்திருக்கிறேன். நீந்தினால் மட்டும் போதாது, அதுபோல நின்றும் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்தது. திருச்சியிலிருந்து விமானம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 27, 2002, வெள்ளி. என்னோடு வந்தவள் மும்தாஜ். பேகம்பூரில் தோல் பை தைத்து விற்கிறாள். நீச்சல் தெரியாது. ஊர் சுற்றப் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் முதுகில் மாட்டுகிற மாதிரிப் பை தைக்கச் சொன்னேன். நல்ல தடித்த மாட்டுத்தோலில் ஆளுக்கொன்று தைத்துவிட்டாள். வெறும் பையே ஒரு கைக்குழந்தை கனம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அதைத் தோளில் ஏற்றியபோது நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஏண்டி, கடலுக்குப் போறமா, கல்லுடைக்கப் போறமா?"

"ஆயுசுக்கும் உழைக்கும்டி. பொத்திக்கிட்டு வா" என்றாள்.

திருச்சிக்கு நூறு கிலோமீட்டர், அங்கிருந்து கொழும்பு, அங்கே கோட்டை ரயில் நிலையம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு இரண்டு கிடைக்கிறது. தெற்கே போகும் ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு ஏறினோம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வலப்பக்கம் இடம் பிடியுங்கள். கடல் தண்டவாளத்தை ஒட்டியே கூட வருகிறது. அலை அடித்தால் சன்னல் கம்பி நனைகிறது. நான் இரண்டரை மணி நேரமும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். மும்தாஜ் உட்கார்ந்து, முழு இறாலை மேலே பதித்துச் சுட்ட வடையை ஒவ்வொன்றாக வாங்கித் தின்றாள்.

டிசம்பர் 28, ஹிக்கடுவை. கொழும்பிலிருந்து நூறு கிலோமீட்டர். ஊர் முழுக்க ஒரே சாலைதான். ஒரு பக்கம் கடல், இரண்டு பக்கமும் கடை. முகமூடி, சங்கு, பவளம், வாழைப்பழ அப்பம், மசாஜ், வாடகைக்குப் பலகை. சட்டை போடாத வெள்ளைக்காரர்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாம் தயிர் வாங்கப் போகிற மாதிரி சாலையைக் கடக்கிறார்கள். எங்களைப் பார்த்த கடைக்காரர்கள் பலகையைக் காட்டவே இல்லை, புடவையைத்தான் காட்டினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ட்ராக் பேன்ட், டி-ஷர்ட்டோடு நேரே தண்ணீருக்குப் போனேன்.

அங்கே செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கரையில் ஒரு பாறை. கிணற்று மேட்டிலிருந்து ஓடிவந்து குதிப்பதுபோல ஓடிவந்து, இரண்டு முட்டியையும் கட்டிக்கொண்டு தொப்பென்று குதித்தேன். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. உட்காருமிடம் மணலில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

மும்தாஜ் மணலில் விழுந்து சிரித்தாள். "எந்திரிடி ஸ்டெல்லா, கெணத்துக்குத் தூர் வாரல போல!"

ஆனால் வலியெல்லாம் கொஞ்ச நேரம்தான். தண்ணீர் தானாக என்னைத் தூக்குகிறது! நம் கிணற்றில் கையைக் காலை அடித்தால்தான் மிதக்கலாம். இங்கே உப்பு தாங்கிக்கொள்கிறது. மதியம்வரை வெளியே வரவில்லை. இரவில் காதுக்குள் இரைச்சல், கட்டில் ஆடுகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு, வெலிகம. காலி நகரம் தாண்டி, பேருந்தில் ஒன்றரை மணி நேரம். பிறை வடிவில் வளைகுடா, அடியில் மணல், சின்ன அலை. பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். தென்னை ஓலைக் கொட்டகையில் பலகை வைத்திருந்தவர் ரியாஸ். அந்த ஊர் முஸ்லிம், தமிழ்தான் பேசுகிறார். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. பலகையும் பாடமும் சேர்த்து மணிக்கு நானூறு ரூபாய் என்றார், அவர்கள் காசில்.

"இந்தியாவில இருந்து வார பொம்பளையள் போட்டோ எடுக்கத்தான் பலகை கேக்கிற, ராத்தா. உங்களுக்கும் போட்டோவா?"

ராத்தா என்றால் அக்கா. "போட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நிக்கச் சொல்லிக் குடுங்க" என்றேன்.

"நீச்சல் எங்க படிச்சீங்க?"

"கெணத்துல."

அவர் சிரித்த சிரிப்பு மரிய செல்வம் சார் சிரித்த அதே சிரிப்பு. ரியாஸ் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி, இடுப்புக்குமேல் ஆழத்தில் வீசிவிட்டு மூழ்கினேன். கிணற்றடியில் போட்ட கல்லைத் தேடி எடுப்பது எங்களுக்கு விளையாட்டு. கண்ணைத் திறந்தால் உப்பு எரிந்தது. அவசரப்படாமல் தடவித் தேடி எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது ரியாஸ் சட்டையைப் பாதி கழற்றியிருந்தார்.

"யா அல்லா, மவுத்தாகிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். கரையிலிருந்து மும்தாஜ் கத்தினாள்: "பாய், அவ அப்படித்தான்! சாவியை மொதல்ல எண்ணிப் பாருங்க!"

அன்று பலகையில் நின்றேனா என்று கேட்டால், இல்லை. படுத்தேன், மண்டியிட்டேன், விழுந்தேன். விழுந்தால் அலை உருட்டுகிறது, மேல் கீழ் தெரிவதில்லை. ஆனால் மூச்சடக்கத் தெரிந்தவளுக்கு அதில் பயமில்லை. தலையை மூடிக்கொண்டு, அலை விடும்வரை காத்திருந்து மேலே வந்தேன். பக்கத்தில் பழகிய வெள்ளைக்காரர்கள் இருமிக்கொண்டு கரையேற, நான் மறுபடி மறுபடி போனேன். கிணறு கற்றுக்கொடுத்தது அது. சார் குறித்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 30, மிரிஸ்ஸ. வெலிகமவிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவில் போனோம். அழகில் இதுதான் முதல். தென்னை மரங்கள் கடலை எட்டிப் பார்க்கின்றன. ஓர் இடத்தில் அலையே இல்லாமல் தண்ணீர் கறுத்து அமைதியாகக் கிடந்தது. நல்ல இடம் என்று அங்கே இறங்கினேன்.

அது நல்ல இடம் இல்லை. பத்து வீச்சு நீந்தித் திரும்பிப் பார்த்தால் மும்தாஜ் கட்டை விரல் அளவுக்குத் தெரிகிறாள். கடல் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். பலம் கொண்ட மட்டும் அடித்தேன். இருந்த இடத்திலேயே இருந்தேன். பிறகு அதையும்விடப் பின்னால் போனேன்.

ஏன் நேராக நீந்தினேன்? கிணற்றில் நீந்துகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வோம். களைத்தால் எதிரே இருக்கிற சுவருக்குப் போவோம். எந்தப் பக்கம் போனாலும் பத்து வீச்சில் ஒரு கல்லோ படியோ கைக்குக் கிடைக்கும். நானும் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்: "பயந்தா சுவத்தப் பிடி." கடலில் எனக்குக் கரைதான் சுவர். அந்தச் சுவர் கைக்கு வரவே இல்லை.

கை ஓய்ந்துவிட்டது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன், நாடகமாகச் சொல்லவில்லை. ஒன்றும் செய்ய முடியாததால் மல்லாந்து படுத்தேன். அதுவும் கிணற்றில் பழகியதுதான். காது தண்ணீருக்குள், மூக்கு வெளியே, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போன தண்ணீர் அப்புறம் இழுப்பதை விட்டுவிட்டது. பக்கவாட்டில் அலை உடைகிற இடத்துக்கு மெதுவாகக் கையடித்துப் போனேன். அங்கே அலையே என்னைக் கரைக்குத் தள்ளிவிட்டது, இறங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி.

மும்தாஜ் துப்பட்டா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் ஓடிவந்தாள். கட்டிப் பிடிப்பாள் என்று பார்த்தால் முதுகில் ஓர் அறை விட்டாள். "சனியனே! ஒங்க அம்மாகிட்ட நான் என்னத்தடி போய்ச் சொல்லுவேன்?" பிறகு உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்து ஆளுக்கு ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 31, மறுபடி வெலிகம. நடந்ததைச் சொன்னதும் ரியாஸ் சிரிக்கவில்லை.

"கடலுக்குச் சுவர் இல்ல, ராத்தா. அலை கொண்டுவார தண்ணி திரும்பிப் போறதுக்கு ஒரு பாதை ஈக்குது. அமைதியாத் தெரியிற இடந்தான் அந்தப் பாதை. அதோட மல்லுக்கட்ட ஏலா. கரைக்கு வராம, கரையோட ஒட்டி, குறுக்கால நீந்துங்கோ. ஏலாட்டி மிதந்துகொண்டு ஈங்கோ." ஏலா என்றால் முடியாது, ஈங்கோ என்றால் இருங்கள்.

"நேத்து மிதந்துதான் வந்தேன்."

"அதான் இன்னிக்கு என்னோட கதைக்கிறீங்க. இங்கத்த பொடியன்மாரில பாதிப் பேருக்கு மிதக்கத் தெரியா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கிணறு எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

பலகையை எடுத்துக்கொண்டு போனோம். ஒன்பதரை மணி இருக்கும். பின்னால் ஓர் அலை தூக்கியது, ரியாஸ் "இப்ப! எழும்புங்கோ!" என்று கத்தினார். எழுந்தேன். நின்றேன்! காலுக்குக் கீழே கடல் ஓடுகிறது, நான் அதன்மேல் நிற்கிறேன். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவள், மழைக்கு வானத்தையே பார்த்துக்கொண்டு வளர்ந்தவள், இவ்வளவு தண்ணீரைக் காலடியில் வைத்துக்கொண்டு கரைவரை வந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கெட்ட வார்த்தை என்று மும்தாஜ் சொல்கிறாள். அதன்பிறகு ஆறு தடவை நின்றேன். ஏழாவது தடவை மும்தாஜைப் பலகையில் குப்புறப் படுக்க வைத்துத் தள்ளினோம். கண்ணைத் திறக்காமலேயே கரை சேர்ந்தாள். சேர்ந்ததும், "இன்னொருக்கா" என்றாள்.

ஜனவரி 1, புதன். திரும்பும் ரயில். உப்பு ஏறிய தோல் பைகள் பலகை மாதிரி விறைத்துவிட்டன. நிற்க வைத்தால் நிற்கின்றன. வழியெல்லாம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அங்கே வீட்டு வாசலிலேயே கடல் கிடக்கிறது. நமக்குக் கிணறுதான் இருக்கிறது. அதையும் பூட்டி வைத்திருக்கிறோம்.

இப்போது சாருக்கு வருகிறேன். நீங்கள் மைக்கில் சொன்னதில் பாதி உண்மை. கிணற்று நீச்சல்காரி கடலில் மூழ்கத்தான் பார்த்தாள். ஆனால் ஏன் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிழைத்ததும் அதே கிணற்று நீச்சலால்தான். இனி நம் பிள்ளைகளுக்குச் சுவரைத் தொடாமல் நீந்தவும், ஓய்ந்தால் மிதக்கவும் சொல்லிக் கொடுப்பேன். அதற்குக் கிணறு திறந்திருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போகிற பிள்ளைகள்தானே இவர்கள்? கடலில் இறங்க மாட்டார்களா? கிணற்றைப் பூட்டிவிட்டீர்கள், கடலை எப்படிப் பூட்டுவீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் சொல்லிக் கொடுத்த இத்தனை நாளில் நீங்கள் கிணற்று மேட்டுக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. தள்ளி, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பீர்கள். பூட்டு மாட்டக்கூட வாட்ச்மேனைத்தான் அனுப்பினீர்கள். பிள்ளைகள் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள், சார். மரியாதைக்குச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில், அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் கிணற்றில் இறங்கிக் காட்டுங்கள். தெரியாது என்றாலும் கேவலம் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இடுப்பில் கயிறு கட்டி நானே இறக்குகிறேன். ஆனால் உங்கள் பயத்துக்காக எங்கள் பிள்ளைகள் ஏன் மூழ்க வேண்டும்? அதற்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லக் கூடாது. மைக்கில் சொல்லுங்கள்.