சௌக்கியமா என்று கேட்டதில் செத்த பேட்டரி

எங்கள் ஆர்.எஸ்.புரம் அடுக்குமாடி வாட்ச்மேனுக்கு வெள்ளை மீசை, அளவு கடந்த மரியாதை. மாடிவீட்டுக்காரர் வெளிநாடு போகும்போது, பெட்ரோலிலும் கரண்டிலும் ஓடும் தன் காரை அவரிடம் ஒப்படைத்தார்.

“வாரம் ஒருக்கா உள்ள உக்காந்து, அரைமணி நேரம் ஆன்ல வைங்க. அப்பத்தான் சின்ன பேட்டரி சார்ஜ் ஏறும். அது செத்துதுன்னா உங்க வேலைக்கு வேற ஆளுதான் பாக்கோணுமுங்க.”

அடுத்தவர் சீட்டில் உட்கார இவருக்கு மனம் வரவில்லை. தினமும் வெளியே நின்றே சாவியை அமுக்கி, “சௌக்கியமுங்களா?” என்பார். கார் விளக்கைச் சிமிட்டும். திருப்தியாகத் தலையாட்டுவார்.

மாடிவீட்டுக்காரர் திரும்பியபோது கார் உயிரற்றுக் கிடந்தது. சார்ஜ் ஏற்றாமல் தினமும் சாவியால் எழுப்பியே பேட்டரி தீர்ந்தது என்றார் மெக்கானிக்.

“எனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே போச்சுங்களா?” என்றார் வாட்ச்மேன், கலங்கிப்போய்.

மாடிவீட்டுக்காரர் சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

இப்போது வாரந்தோறும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சீட்டின் நுனியில் அரைமணி நேரம் உட்காருகிறார். கடந்து போகையில் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. அவரையா, காரையா என்றுதான் தெரியவில்லை.