சனிக்கிழமை விரியாத குடை

மூன்று வருடங்களுக்கு முன், குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. வெம்பிளியில் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஹோட்டலிலிருந்து எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு எங்களை வேற ஊருக்கு ஏத்தப் போகினமாம். திங்கட்கிழமை பிள்ளைக்குக் காது ஒப்பரேஷன். விட்டா இனி எப்ப கிடைக்குமோ?" என்று அழுதாள். மகளுக்கு ஒன்பது வயது. அந்தத் திகதிக்காக ஒரு வருடம் காத்திருந்தவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, கோல்டர்ஸ் கிரீனில் உள்ள ஒரு யூத ஆலயம். அங்குள்ள பெண்கள் சிலர் அகதிக் குடும்பங்களுக்காக அதிகாரிகளுடன் மல்லுக்கட்டுவார்கள். நான் இடைக்கிடை மொழிபெயர்க்கப் போவேன். அன்றும் ஓடினேன். எழுபது வயது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவர்களை இப்போது ஏற்றக்கூடாதென்று உடனே கடிதம் எழுதி, காலையில் கூப்பிட ஒரு வழக்கறிஞரின் நம்பரையும் குறித்துத் தந்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இனி நாளை இருட்டும் வரை தங்களுக்கு ஓய்வுநாள், போன் தொடமாட்டோம், எழுதமாட்டோம், வாகனத்தில் ஏறமாட்டோம் என்றார். ஆனால் காலையில் ஹோட்டலுக்கு வருவோம் என்றும் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. வாகனம் ஏறாதவர் எப்படி வருவதாம்? சாக்குச் சொல்லிக் கைகழுவுகிறார் என்றே நினைத்தேன். பஸ்ஸில் வீடு சேரும் வரை மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மழை. ஒன்பதரைக்கு ஹோட்டல் வாசலில் ஆட்களை ஏற்றிப்போக வான் வந்து நின்றது. மனேஜர் பட்டியலும் கையுமாக நின்றார். கடிதம் என் பையில்தான் இருந்தது. நானும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவள். இப்படி யாராவது பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்கு இங்கிலீஷ் மறந்துபோகும்.

அப்போதுதான் தெருமுனையில் அவர்களைக் கண்டேன். ஆசிரியையும் ஆலயத்துப் பெண்களுமாக எட்டுப் பேர், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தே வந்திருக்கிறார்கள். ஓடிப்போய் ஆசிரியைக்குக் குடை பிடித்தேன். அவர் சிரித்தபடி விலகி மறுபடியும் மழைக்குள் போனார். குடை விரிப்பதும் ஓய்வுநாளில் ஆகாதாம்.

உள்ளே வந்து தாயையும் பிள்ளையையும் சுற்றி நின்றார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. மனேஜருக்குக் காலை வணக்கம் சொன்ன ஆசிரியை, என் பக்கம் திரும்பி, "பயப்படாதே, நாங்கள் இங்கேதான் நிற்கிறோம்" என்றார். கடிதத்தை நீட்டினேன். வழக்கறிஞருக்குப் போன் எடுத்து மனேஜரிடம் கொடுத்தேன். பிறகு என் வாயிலிருந்து இங்கிலீஷ் எப்படிக் கொட்டியதென்று இன்றுவரை தெரியாது. ஒரு மணித்தியாலத்தில், ஒப்பரேஷன் முடியும் வரை அவர்களை ஏற்றுவதில்லை என்று அதிகாரிகளிடமிருந்து பதில் வந்தது.

"உண்மையாவோ அக்கா?" என்றாள் தாய்.

"ஓம், வான் போகுது பார்" என்றேன். இருவரும் அழுதோம்.

ஆலயத்துப் பெண்கள் திரும்பவும் மழையில் நடக்கத் தொடங்கினார்கள். நானும் குடையை மடக்கிக்கொண்டு கூட நடந்தேன். வீரமெல்லாம் ஒரு மைல்தான்; பிறகு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நன்றாகக் காது கேட்கிறது; நான் சத்தமாகக் கதைக்கிறேன் என்று முறைப்பாடு வேறு. எனக்கோ, யாராவது உதவி கேட்டு வந்தால் "ஏலாது" என்று சொல்ல வாய் கூசுகிறது. தனக்கு ஏலாததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஏலுமான இரண்டு கால்களால் நடந்துவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.