திரையில் காத்திருந்த அம்மா

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது. அம்மா தைக்கும்போதே துணியை விட்டுவிட்டுக் கையால் ஊர்வம்பு பேசுவாள். அதனால் பாதிச் சட்டைகளுக்குக் காலர் கோணல்.

அவளைத்தான் மனநல மருத்துவமனை தேடி வந்தது. மனச்சோர்வைக் கண்டறியும் கேள்விகளை அவள் சைகையில் கேட்க, வீடியோ எடுத்து, காது கேளாத நோயாளிகளுக்குத் திரையில் காட்டுவார்களாம். இத்தனை நாள் என்னைப் போன்ற காது கேட்கும் பிள்ளைகளை மொழிபெயர்க்க நடுவில் உட்காரவைத்துப் பெற்றவர்கள் மனசைத் தோண்டிய கூத்து போதாதா?

"எதிலயுமே ஆசை இல்லாம இருக்கா?" என்று அம்மா கேட்ட அழகில் கேமராக்காரர் கண் கலங்கிவிட்டார்.

"இப்படிக் கேட்டா நல்லா இருக்கறவனும் அழுதுடுவாம்மா," என்றார் டாக்டர், என் கைகள் வழியாக.

மறுபடி எடுத்தால் சிரிப்பு. புருவத்தைத் தூக்காவிட்டால் சைகையில் அது கேள்வியே ஆகாது. தூக்கினாலோ அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஒருவழியாக எடுத்து முடித்தார்கள்.

முதல் ஆளாக உள்ளே போனது, தூக்கம் வராமல் தவித்த அப்பா. வெளியே அம்மாவும், ஜென்மத்தில் முதல் முறையாக வேலையில்லாத நானும்.

அப்பா குதிக்காத குறையாக வந்து கைகளால் கூவினார்: "உங்கம்மா என் மனசப் பத்திக் கேட்டா! நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசவே இல்ல! கல்யாணமானதுலேர்ந்து இதான் முதல் தடவை. அந்த டிவிய நம்ம வீட்டுக்குக் குடுப்பாங்களான்னு கேளேன்!"

அம்மாவின் கைகள் விருட்டென்று எழுந்தன. பிறகு அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டு, அப்பாவைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாள்.