வலிக்கவில்லை என்று சொன்ன முட்டி

ரசமட்டம் என்பது தரை சமமா என்று பார்க்கிற கருவி; அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கூட டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வைத்தது. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால், எந்தப் பக்கம் உருளுவதென்று யோசித்தே அதற்குத் தலை சுற்றிவிடும். பாதி ஆயுளை முட்டி போட்டே கழித்த மனிதர். எழுந்து நின்றால், உடன் வேலை செய்பவர்களுக்கே அடையாளம் தெரியாது.

ஒரு நாள் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். முழங்காலுக்குள் ‘டப்’ என்றது. ஜவ்வு கிழிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். கிழிந்த ஜவ்வைச் சிலருக்குத் தைப்பார்கள், சிலருக்கு உடற்பயிற்சி மட்டும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ரசமட்டத்துக்குத் தையல் விழுந்தது. அதன்பின் அவ்வப்போது போய்க் காலைக் காட்டவேண்டும். யாருக்குத் தையல் என்று தெரிந்தால் கணிப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்; அதனால் பரிசோதிக்கிற பெண்ணுக்குத் தழும்பு தெரியக்கூடாதென்று இரண்டு முழங்காலிலும் துணியுறை மாட்டிவிடுவார்கள்.

“முட்டிக்கு எதுக்குங்க முக்காடு? வெக்கமா?” என்று மனைவி சிரித்தாள்.

உள்ளே அந்தப் பெண் கேட்டாள்: “வலி எவ்வளவுங்க ஐயா? பத்துக்கு எத்தனை?”

“சைபர்.”

“உக்காந்து எந்திரிங்க பார்ப்போம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மூட்டுக்குள் எதுவோ சிக்கி விடுபட்டது. முகம் மட்டும் நிலாவாகப் பிரகாசித்தது.

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “படி ஏறும்போது பக்கத்து வீடு வரைக்கும் கேக்கற மாதிரி முனகறீங்க. இங்க சைபரா?”

“சும்மா இரு. இது டாக்டரம்மாவுக்குப் பரீட்சை. நம்ம காலால ஃபெயில் ஆகணுமா? ஆபரேஷனுக்கு முன்னாடி பெத்த பொண்ணு மாதிரி பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிட்டுப் பேசினாங்களே.”

“கால் உங்களுதுதானே?”

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கினார்.

வலியே இல்லாதவரை வீட்டில் உட்காரவைப்பானேன்? முட்டி போட்டு வேலை பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பார்த்தார். ஒரு மாடி வீட்டின் கூடத்தில் பாதித் தரை முடித்திருந்தபோது முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. கூட ஒட்டிக்கொண்டிருந்த மச்சான்தான் நாற்காலியோடு தூக்கி இறக்கினான். “மாமா, தரையைவிட நீங்க கனம்” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்கேன் படத்தை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். “தையல் விட்டுப் பல நாளாச்சு. அப்பவே வலிக்குதுன்னு சொல்லியிருந்தா மறுபடி தைச்சிருப்பேனே.”

“இப்பத் தைங்கம்மா.”

“நைஞ்சு நாரா இருக்குங்க, ஊசி நிக்காது. வெட்டித்தான் எடுக்கணும். இனிமே முட்டி போடக்கூடாது.”

“உங்க ஆராய்ச்சி கெட்டுடக் கூடாதேன்னுதாம்மா...”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “தையல் நிக்கலைன்னா நிக்கலைன்னு தெரியறதுக்குத்தாங்க ஆராய்ச்சியே. உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் சைபர் சொல்லியிருக்காங்களோ.”

ரசமட்டம் வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார்.

இப்போது டைல்ஸ் கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களுக்கு நிறம் எடுத்துக்கொடுக்கிற வேலை. நேற்று பேனா கை தவறிக் கீழே விழுந்தது. கடையில் வேறு யாருமில்லை. யாராவது வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.