புன்லுவாவின் கழுத்துக்கு வந்த மாலை

புன்லுவாவை மேடையில் பார்த்திருந்தால் நீங்களும் அவளைத் திட்டியிருப்பீர்கள். தாய்லாந்தின் ஆங்தோங் வட்டாரத்தில் அவள் வாங்காத வசவு இல்லை. எங்கள் லிக்கே நாடகக் குழுவில் அவளுக்கு எப்போதும் ஒரே மாதிரி வேடம்தான்: மாற்றாந்தாய், பொறாமைக்கார ராணி, பச்சைக் குழந்தையை ஆற்றில் விடுகிறவள். இருபது வருடங்களாக இதையே செய்தாள். நான் அந்தக் குழுவின் தையல்காரி. அவள் உடைகளில் மின்னிய ஒவ்வொரு மணியும் நான் கோர்த்தது. அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

மேடையை விட்டு இறங்கினால் அவளைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஆனால் சந்தைக்குப் போனால் வம்புதான். ஒருநாள் நூடுல்ஸ் கடைக்காரி கிண்ணத்தை நீட்டிவிட்டு, முகத்தைப் பார்த்ததும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நேத்து அந்த இளவரசனுக்குச் சோறு போடாம பட்டினி போட்டவதானே நீ? போ, போ! உனக்கு இங்க ஒண்ணும் கிடையாது."

"அது நாடகம்க்கா. அவன் காலையிலேயே மூணு கிண்ணம் தின்னுட்டுக் குறட்டை விட்டுத் தூங்குறான்."

"நல்லா இருக்கு நியாயம்! பகல்லயாவது அவனைத் தின்ன விட்டியே, அந்த மட்டும் புண்ணியம்."

புன்லுவா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசியோடு போனவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த இளவரசனின் பெயர் சைனரோங். முகம் மட்டும் கடவுள் கொடுத்தது, மற்ற எதையும் அவன் கேட்டு வாங்கவில்லை. பாட்டு வராது. பேச்சு பாதியில் நின்றுவிடும். அப்போதெல்லாம் புன்லுவாதான் அவனைத் திட்டுகிற சாக்கில், அவன் அடுத்துச் சொல்லவேண்டியதை எடுத்துக்கொடுப்பாள். அவன் அழத் தொடங்கினால் போதும், முன்வரிசைப் பாய்களிலிருந்து பெண்கள் எழுந்து மேடை ஓரத்துக்கு ஓடுவார்கள். பண நோட்டுகளைப் பூப்பூவாக மடித்துக் கோர்த்த மாலையை அவன் கழுத்தில் போடுவார்கள். அவனை அழவைத்தது யார்? அதை ஒருத்தியும் யோசித்ததில்லை.

"ஒரே ஒரு மாலை, சாலி," என்று புன்லுவா என்னிடம் சொல்வாள். "காசு வேண்டாம். வெறும் மல்லிகைன்னாலும் சரி. கழுத்துல விழுந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சா போதும்."

அந்த ரசிகைகளுக்கெல்லாம் தலைவி ஜே லம்யாய், சந்தையில் மீன் வியாபாரம் செய்கிறவள்; ஜே என்றால் அக்கா, ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். அந்த வருடக் கோயில் திருவிழாவில் ஒருநாள் ராணி வேடத்தில் இருந்த புன்லுவா சைனரோங்கை மூங்கில் குச்சியால் விளாசினாள். குச்சி அவன்மேல் படவே இல்லை, சத்தம் மேளக்காரர் கொடுத்தது. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? மறுநாள் காலையில் ஜே லம்யாய் தன் கூட்டத்தோடு எங்கள் கூடாரத்துக்கு வந்துவிட்டாள்.

"இத பாருங்க தலைவரே, அவ எங்க புள்ள கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். எல்லார் முன்னாடியும், மேடையில கேக்கணும். இல்லேன்னா நாங்க ஒருத்தியும் வர மாட்டோம்."

எங்கள் குழுத் தலைவர் பிரசோப்புக்கு உடனே முதுகு வளைந்தது. "அதுக்கென்ன ஜே, கேக்க வெச்சிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னத்துக்கு மன்னிப்பு? நல்லா நடிச்சதுக்கா?" என்று கத்தினேன்.

"நீ ஊசியைப் பாரு," என்றார் என்னிடம். புன்லுவாவிடம் திரும்பி, "கேளு, இல்லேன்னா மூட்டையக் கட்டு," என்றார்.

இருபது வருட உழைப்புக்கு அவர் கொடுத்த மரியாதை அது! புன்லுவா கோபப்படவில்லை. "ராணியா கேக்கணுமா, நானா கேக்கணுமா தலைவரே?" என்றாள்.

"எப்படியோ கேட்டுத் தொலை."

லிக்கேயில் வசனம் எழுதி வைப்பதில்லை. சாயங்காலம் கதைக்காரர் வந்து கதையை மட்டும் சொல்லுவார், பேச்சு மேடையில் அவரவர் வாயில் பிறக்கவேண்டும். அன்றைக்குக் கதைக்காரர், ராணி இளவரசனிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

புன்லுவா ராணி உடையில் வந்து சைனரோங்கின் முன்னால் மண்டியிட்டாள். தனக்கு வயிறு திறக்கவில்லை என்றும், பிறர் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிந்தது என்றும், அந்த எரிச்சலில்தான் கை ஓங்கியது என்றும் சொல்லி அழுதாள். பாய்களில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜே லம்யாயால் தாங்க முடியவில்லை. சைனரோங்குக்காகக் கொண்டுவந்த மாலையோடு மேடை ஓரத்துக்கு வந்து, அதைப் புன்லுவாவின் கழுத்தில் போட்டாள்.

"போதும்டி, எந்திரி. நீயும் பொம்பளதானே."

திரைக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புன்லுவா மாலையைத் தொட்டாள். கண்ணை மூடினாள். அப்படியே கும்பிட்டுவிட்டு உள்ளே வந்திருந்தால் மாலையும் அவளுக்கு, வேலையும் அவளுக்கு. உள்ளே வாக்கா, உள்ளே வாக்கா என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். மாலையைக் கழற்றினாள். கைகூப்பி நின்ற சைனரோங்கின் மணிக்கட்டில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"மன்னிச்சிட்டியாடா முட்டாளே? யாரங்கே! இவனை இழுத்துட்டுப் போங்க!"

சிரித்தாளே ஒரு சிரிப்பு! கோயில் மைதானமே அலறியது. செருப்புகள் பறந்தன. மேளக்காரர் கொட்ட மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அந்த மாதிரி நடிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அப்புறம் ஜே லம்யாயே மேடையேறி, மாலையை அவிழ்த்துச் சைனரோங்கின் கழுத்தில் போட்டாள். அந்தப் பிள்ளை வெட்கமே இல்லாமல் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

உள்ளே வந்தவளின் நெற்றியில் செருப்படித் தடம் சிவந்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏன்க்கா இப்படிப் பண்ணே? கழுத்துக்கு வந்ததைக் கழட்டிட்டியே!"

"நல்லாத்தான் இருந்தது, சாலி. ஆனா அந்த ராணி அவ்வளவு சீக்கிரம் திருந்துறவ இல்ல."

காலையில் தலைவர் அவளை அனுப்பிவிட்டார். சுபானில் இருந்த தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். சைனரோங் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தான்.

ராணி வேடம் தலைவரின் அண்ணன் மகளுக்குப் போனது. அவள் திட்டினால் கடையில் காப்பி கேட்பது போல இருக்கும். சைனரோங் தானாகவே அழுது பார்த்தான். முன்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். நாடகத்தின் நடுவில் ஜே லம்யாய் திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, எங்க அந்தச் சண்டாளி? அவளை நாலு திட்டுத் திட்டினாத்தான் எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரும். அதுக்குத்தானே கடையைச் சீக்கிரம் அடைச்சிட்டு ஓடி வர்றேன்."

"நீங்கதானே ஜே அவளைத் துரத்தினீங்க!"

"நானா? மன்னிப்புத்தானே கேக்கச் சொன்னேன்?" அவள் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அவ இல்லாம என்னம்மா நாடகம்? சப்புன்னு இருக்கு. அவளை மாதிரி யாரால செய்ய முடியும்?"

அவள் கையில் புது மாலை ஒன்று இருந்தது.

"அப்ப இது யாருக்கு ஜே?" என்று கேட்டேன்.

"சைனரோங்குக்குத்தான்," என்றாள். "வேற யாருக்கு?"